பென்சில் தடவிய கன்னம்

ஏட்டய்யா போட்டோவை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அப்புறம் சாராளைப் பார்த்தார். மறுபடியும் போட்டோவைப் பார்த்தார்.

"அங்க அடையாளம் இன்னான்னு சொன்னே?"

"எடது கன்னத்துல மறுங்கய்யா. காதுகிட்டேர்ந்து தாவாக்கட்டை வரைக்கும் கருப்பா இருக்கும். பொறந்ததுலேர்ந்தே கீது."

"இதுல ஒண்ணும் காணோமே."

சாராள் தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்தில் நின்ற அவள் புருஷன் பிரகாசம் சுவரில் தொங்கிய காலண்டரில் என்ன கண்டானோ, அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏம்மா, இது உன் பொண்ணுதானா?"

"எம் பொண்ணு ஞானகுமாரிதாங்கய்யா. போட்டோவுல மறுவ மறைச்சிட்டாங்க."

"யாரு மறைச்சா?"

"போட்டோக்காரரு. மாப்ள வூட்டுக்குக் குடுக்கறதுக்காக எடுத்தது."

ஏட்டய்யாவுக்கும் வயதுக்கு வந்த பெண் இருந்திருக்க வேண்டும். கோபித்துக்கொள்ளவில்லை. பேனாவை மூடிவிட்டு நிதானமாகச் சொன்னார். "டிவி ஸ்டேஷனுக்கு அனுப்பி வைக்கலாம். காணவில்லைன்னு சாயங்காலம் காட்டுவாங்க. மறு இருக்குன்னு கீழ எழுதியும் குடுக்கலாம். ஆனா பாக்கறவன் மூஞ்சியத்தான் பாப்பான். உம் பொண்ணு பக்கத்துல குந்திகினு இருந்தாக்கூட அவனுக்குத் தெரியாது. வேற நல்ல போட்டோவா ஒண்ணு எடுத்துகினு வா."

நல்ல போட்டோவுக்கு எங்கே போவது? ஞானகுமாரி போட்டோவுக்கு நிற்கிற பெண்ணா? பள்ளிக்கூடத்தில் வகுப்போடு சேர்த்து எடுத்தபோது உயரமான ஒருத்தியின் தோளுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டாள். கோயிலில் திடப்படுத்தல் ஆராதனை முடிந்து எல்லாப் பிள்ளைகளும் ஆயரோடு நின்றபோது வெள்ளை முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு தரையைப் பார்த்தாள். அந்தப் படங்களும் எண்பத்தைந்து வெள்ளத்தில் சேக்காட்டு வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றபோது டிரங்குப் பெட்டியிலேயே ஊறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிரித்தால் காகிதம் மட்டும்தான் வந்தது. இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு ஊரில் இருந்த ஒரே முகம், முகமே இல்லாத அந்தப் போட்டோதான்.

அதை எடுத்தவர் ஆவடியில் ஸ்டூடியோ வைத்திருந்த ஹுமாயூன் பாய். நல்ல மனுஷன். பிரகாசம் தனியாகப் போய் அவரிடம் பேசிவிட்டு வந்து, மகளையும் பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு போனான். கலரில் எடுக்கலாமா என்று சாராள்தான் ஆசைப்பட்டுக் கேட்டாள். "கலர்ல எடுத்தா பென்சில் புடிக்காதும்மா, பிளாக் அண்ட் ஒயிட்டே இருக்கட்டும்" என்றார் பாய். என்ன பென்சில் என்று அப்போது அவளுக்குப் புரியவில்லை. படம் கைக்கு வந்தபோது புரிந்தது. இரண்டு கன்னமும் ஒன்றுபோல, வழித்துவிட்ட மாதிரி இருந்தன. சாராளுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் வாய் திறந்து சொல்லவில்லை. நல்லது நடக்கும்போது அபசகுனமாகப் பேசுவானேன் என்று இருந்துவிட்டாள்.

திருநின்றவூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் போட்டோவைப் பார்த்துவிட்டு மனசு நிறைந்துதான் வந்தார்கள். சாராள் கேசரி கிளறி, வாழைக்காய் பஜ்ஜி போட்டிருந்தாள். ஞானகுமாரி தட்டோடு வந்து நின்றதும் மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி, "இன்னா, மை ஈஷிக்கினு கீது" என்று முந்தானையைத் தண்ணீரில் நனைத்துக் கன்னத்தைத் துடைத்தாள். போகவில்லை. இன்னும் அழுத்தித் துடைத்தாள். அப்புறம்தான் அவளுக்கு விளங்கியது. கிறிஸ்தவ வீடு என்றும் பார்க்காமல், "கிரகணத்தன்னிக்கு வெளிய வந்து நின்னியா நீ?" என்று சாராளைக் கேட்டாள். "போட்டோவுல வேற பொண்ணக் காட்டி ஏமாத்தறீங்களா?" என்று பிரகாசத்தைக் கேட்டாள். அவ்வளவு நேரமும் ஞானகுமாரி தட்டைக் கீழே வைக்காமலேயே நின்றிருந்தாள். அவர்கள் போனபிறகு கேசரியைத் திரும்பவும் பாத்திரத்தில் கொட்டி மூடி வைத்தாள். அழவில்லை. அழுதிருந்தால் சாராள் கட்டிப்பிடித்திருப்பாள்.

அதற்கு மறுநாளும் எஸ்டேட் பஸ் பிடித்து வேலைக்குப் போய் வந்தாள். அம்பத்தூரில் சுவிட்சு செய்கிற கம்பெனியில் அவளுக்கு வேலை. அதற்கு அடுத்த நாள் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பியவள் வீடு திரும்பவில்லை. கம்பெனிக்கும் போகவில்லை என்று பிறகு தெரிந்தது.

போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வந்த அன்றைக்குப் பக்கத்து வீட்டுப் பார்வதம் ஒரு யோசனை சொன்னாள். "சாராக்கா, அந்தப் போட்டோ மேலயே கண்மையால தீட்டி வுட்டா இன்னா?" தீட்டிப் பார்த்தார்கள். கூத்தில் வேஷம் கட்டினவள்போல இருந்தது. சாராள் துணியால் துடைத்துவிட்டு ஓவென்று அழுதாள்.

"நான் பாய்கிட்டப் போறேன்" என்றாள் அன்றைக்கு இரவுச் சாப்பாட்டின்போது. "மறைச்சவருக்கு எடுக்கத் தெரியாமலா பூடும்?"

பிரகாசம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். பிரஸ் ஷாப்பில் தகடு வெட்டி வெட்டிக் காய்ப்பேறிய கை. "எதுக்கு? கீற போட்டோவையே குடுத்துடலாம்."

"இன்னா பேசற நீ? ஏட்டு சொன்னது காதுல வுழலியா?"

"ஊரு பூரா, டிவில, அந்த மூஞ்சியக் காட்டணுமா? நாளைக்கி அவ வந்துட்டா எவன் கட்டுவான்?"

"மொதல்ல வரட்டும். வரலன்னா எவனுக்குக் கட்டிக் குடுக்கப் போற?"

அவன் தட்டிலேயே கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனான்.

கத்திரி வெயில் காலம். காலையிலேயே தார் ரோடு செருப்பைப் பிடித்து இழுத்தது. ஹுமாயூன் பாய் கடையில் பழைய திரையெல்லாம் கழற்றிப் போட்டுக் கல்யாணத்துக்கு வீடியோ எடுக்கிற பெரிய கேமரா ஒன்றைக் கண்ணாடி அலமாரியில் வைத்திருந்தார். சாராள் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவர் முகம் கறுத்துப்போயிற்று.

"எடுக்கலாம்மா. நெகட்டிவ்னு ஒண்ணு இருக்கும் பாரு, அதுல கருப்பு வெள்ளையாத் தெரியும், வெள்ளை கருப்பாத் தெரியும். உம் பொண்ணு மறு அதுல சும்மா கண்ணாடி மாதிரி இருந்துது. அது மேல பென்சிலால புள்ளி புள்ளியா வெச்சி ரொப்பினேன். டர்பன்டைன்ல தொடச்சா பென்சில் பூடும். மறு வந்துடும்."

"அப்ப தொடச்சிக் குடு பாய்."

"நெகட்டிவ் இல்லியேம்மா."

"எங்க போச்சி?"

"எல்லாம் கலருக்கு மாறிடுச்சி. பழைய பிளாக் அண்ட் ஒயிட்டை எவனும் வந்து கேக்கறதில்ல. எலி வேற. மூட்டை கட்டிப் போன வாரம்தான் பூந்தமல்லிக்காரனுக்குப் போட்டேன். அதுல வெள்ளி இருக்கும். கழுவி எடுப்பாங்க."

சாராள் கடைப் படியில் உட்கார்ந்துவிட்டாள். திட்டலாமா அழலாமா என்று அவளுக்கே தெரியவில்லை. "ஊருல கீற மூஞ்சியெல்லாம் உன்னாண்ட குடுத்து வெச்சோமே பாய்" என்று மட்டும் சொன்னாள்.

பாய் ஷட்டரை இழுத்துவிட்டுப் பூட்டினார். "பஸ் ஏறி வா. பருத்திப்பட்டு வழியாப் போவும். நான் வண்டில முன்னாடி போயி, தொட்டில எறக்காம நிறுத்தச் சொல்றேன்."

பூந்தமல்லிக்கு இந்தப் பக்கம் தென்னந்தோப்பு ஓரமாக இருந்தது அந்தக் கொட்டகை. வேம்புலி என்பவன் வைத்திருந்தான். அவன் பெண்டாட்டி வனஜாதான் வேலையெல்லாம். சிமெண்ட் தொட்டியில் சோடாக் காரம் போட்ட வெந்நீரில் படச்சுருளும் ஆஸ்பத்திரி எக்ஸ்ரேயும் ஊறும். மேலிருக்கிற பசை கரைந்து அடியில் கறுப்புச் சேறாகத் தங்கும். அந்தச் சேற்றை எரித்தால் வெள்ளி. கழுவின தாளைக் கயிற்றில் காயப் போட்டிருந்தார்கள். காற்றில் சலசலவென்று ஆடியது. சாராள் ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த தாள்தான். எக்ஸ்போர்ட் கம்பெனிக்குச் சட்டைக் காலர் தைத்துக் கொடுக்கிறாளே, அந்தக் காலருக்குள் விறைப்பாக நிற்க வைக்கிற பட்டி இதிலிருந்துதான் வெட்டுவது. சில பட்டியின் ஓரத்தில் விலா எலும்பு நிழல்போலத் தெரியும். அதெல்லாம் யார் எலும்போ, யார் முகமோ என்று நினைத்ததும் கையை எடுத்துக்கொண்டாள்.

"ஆவடி மூட்டைதானே? ஒண்ணு தொட்டில போயிடுச்சிக்கா" என்றாள் வனஜா. காரம் தின்று அவள் விரல் நுனியெல்லாம் வெள்ளையாக உரிந்திருந்தது. "ரெண்டு மூட்டை அப்டியேதான் கீது. பாய் வந்து கத்துனாரு, நிறுத்திட்டேன்."

"போனதுல எம் பொண்ணு இருந்தா?"

"அத நெனைக்காத. இருக்கறதுல தேடு."

மூட்டையைத் தென்னை நிழலில் கொட்டினார்கள். ஆளுக்கொரு குவியல். ஒவ்வொன்றாக எடுத்து வானத்துக்கு நேராகப் பிடித்துப் பார்க்க வேண்டும். பல் கறுப்பு, தலைமுடி வெள்ளை, கறுப்புப் பொட்டெல்லாம் வெள்ளைப் பொட்டு. முதலில் சாராளுக்கு எல்லாரும் செத்துப்போனவர்கள்போலத் தெரிந்தார்கள். பயமாக இருந்தது. போகப் போகப் பழகிவிட்டது.

"சாய்ச்சிப் பாரும்மா" என்றார் பாய். "பென்சில் பட்ட எடம் மினுக்கும். எடது கன்னம் முழுக்க மினுக்கினா நம்மாளு."

சாய்த்துப் பார்த்தாள். மினுக்கியது. அடுத்ததும் மினுக்கியது. அதற்கடுத்ததும். பெண்பிள்ளைகள் படம் முக்கால்வாசி எங்கேயாவது ஓரிடத்தில் மினுக்கியது. ஒருத்திக்கு நெற்றி. ஒருத்திக்கு மேலுதடு. ஒருத்திக்கு முகமே முழுசாக.

"இது இன்னா பாய், எல்லாருக்குமே கீது?"

"வேற எதுக்கும்மா எங்கிட்ட வராங்க? இதுக்கு அம்மைத் தழும்பு. இது உதட்டுல தையல் போட்டது. இது ஒண்ணுமில்ல, கருப்பு. மாநிறமாக்கச் சொன்னாங்க." அவர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

மத்தியானம் வனஜா கேழ்வரகுக் கூழும் சுட்ட கருவாடும் கொண்டுவந்து வைத்தாள். பாய் தொழுதுவிட்டு வந்து ஒரு டம்ளர் கூழ் குடித்தார். சாராளுக்கு இறங்கவில்லை. வனஜா விடவில்லை.

"குட்சிட்டுத் தேடுக்கா. வெயில்ல கண்ணு இருட்டிகினு வந்தா அவளே கையில வந்தாலும் தெரியாது. எத்தினி நாளாச்சி போயி?"

"பத்து நாளாவப் போவுது."

"சண்டையா?"

"சண்ட போட்டிருந்தாத் தேவலையே. ஒரு வார்த்த பேசல."

"பேசாத பொண்ணுங்கதான் அப்டிப் போவும்" என்றாள் வனஜா. பிறகு சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியதோ என்னவோ, தானும் ஒரு கைப்பிடி நெகட்டிவை அள்ளிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வெயில் சாயத் தொடங்கியபோது சாராளுக்குக் கிடைத்தது. மினுக்கலைப் பார்த்து இல்லை. கழுத்தைப் பார்த்து. ஞானகுமாரி எங்கே நின்றாலும் இடது பக்கத்தை மறைக்கிற மாதிரி தலையைக் கொஞ்சம் ஒதுக்கிப் பிடிப்பாள். பாய் எத்தனை தடவை நிமிர்த்தி வைத்தும் அந்தப் போட்டோவிலும் அப்படித்தான் இருந்தாள். மற்றவர்களுக்குத் தெரியாது, பெற்றவளுக்குத் தெரியும். சாராள் அதை மார்போடு வைத்துக்கொண்டு, "இயேசப்பா, இயேசப்பா" என்றாள்.

மறுநாள் பாய் அதைப் பஞ்சால் துடைத்தார். சாராளை இருட்டறைக்குள் கூப்பிட்டு, சிவப்பு விளக்கில் காகிதத்தை மருந்துத் தண்ணீர்த் தட்டுக்குள் விட்டார். வெள்ளைத்தாளில் முதலில் தலைமுடி வந்தது. உடனே மறு வந்தது. அதற்கப்புறம்தான் கண்ணும் மூக்கும் வாயும் வந்தன. "எங்கண்ணு" என்று சாராள் தட்டுக்கு மேல் குனிந்தாள். கண்ணீர் அதில் விழாமல் பாய் தோளைப் பிடித்து நகர்த்தினார். இரண்டு பிரதி போட்டுக் கொடுத்தார். காசைத் தொடவில்லை.

வீட்டில் பிரகாசம் அதை வாங்கி வெகுநேரம் வைத்திருந்தான். சாராள் வெயில் தாக்கிக் காய்ச்சல் வந்து எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். "நானே ஸ்டேஷன்ல குடுத்துட்டு வரேன், நீ படு" என்று ஒரு பிரதியைக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போனான். சாராளுக்கு நெஞ்சு இளகிவிட்டது. மனுஷன் என்ன இருந்தாலும் தகப்பன் இல்லையா என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரத்தில் ஒரு சாயங்காலம் டிவியில் காட்டினார்கள். பார்வதம் வீட்டில் தெருவே கூடியிருந்தது. மீஞ்சூர்ப் பெரியவர் ஒருவர், மனநிலை சரியில்லாத ஒரு அம்மாள், அப்புறம், "ஞானகுமாரி, வயது இருபத்திரண்டு, ஆவடி சேக்காடு" என்று குரல் வந்தது. திரை முழுக்க முகம் வந்தது. இரண்டு கன்னமும் வழித்துவிட்ட மாதிரி இருந்தது. மாநிறம் என்றார்கள், வெளிர்நீலச் சேலை என்றார்கள், மறுவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அடுத்த முகம் வந்துவிட்டது.

பார்வதம் எழுந்து டிவியை நிறுத்தினாள். சாராள் திரும்பிப் பார்த்தபோது வாசலில் நின்றிருந்த பிரகாசம் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான்.

வீட்டுக்குள் போய்த்தான் கேட்டாள். கத்தவில்லை. "மாத்திக் குடுத்துட்டியா?"

"ஆமா. மறுவப் பத்தி எழுத வேணாம்னும் சொன்னேன்."

"ஏன்?"

பிரகாசம் கட்டிலில் உட்கார்ந்தான். "அந்தப் போட்டோ நான் சொல்லி எடுத்ததுன்னு நெனச்சிகினு கீற. அவதான் கேட்டா. 'நைனா, பாய்கிட்ட நீ போயி சொல்லு, எனக்குக் கேக்க வெக்கமாக் கீது, ஒரு போட்டோலயாவது நான் நல்லா இருக்கணும்'னா. படம் வந்த அன்னிக்கு நீ தூங்கனப்புறம் எடுத்து எடுத்துப் பாத்துகினு இருந்தா. நான் முழிச்சிகினுதான் இருந்தேன். அவ வெச்சிக்க ஆசப்பட்ட மூஞ்சி அது சாராளு. அந்த அத்தைக்காரி பண்ண வேலைக்கே ஊட்ட வுட்டுப் போனவ. மறுவோட ஊரு பூரா டிவில காட்டுனா, எங்கனா ஒரு மூலைல குந்திகினு அத அவ பாத்தா, திரும்பி வருவாளா? எங்கனா போயி வுழுந்துடுவா."

அவன் பொய் சொல்லவில்லை என்று சாராளுக்குத் தெரிந்தது. அதனால்தான் இன்னும் வலித்தது. ஒரே வீட்டில் படுத்து எழுந்து, மகள் ஆசைப்பட்டது தனக்குத் தெரியாமல் போயிற்றே என்று ஒரு பக்கம். தெரிந்தவன் இப்படிச் செய்துவிட்டானே என்று ஒரு பக்கம்.

"அவ ஆசப்பட்டா, சரி" என்றாள். "நீ தேடறது அவளையா, அந்தப் போட்டோவையா?"

பிரகாசம் கட்டிலிலேயே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான்.

காலையில் காலர் மூட்டையை அப்படியே போட்டுவிட்டுச் சாராள் மிச்சமிருந்த பிரதியை எடுத்துக்கொண்டு ஆவடி ரயிலடிக்குப் போனாள். பிரகாசம் ஷிப்டுக்குப் போகாமல் கொஞ்சம் பின்னால் வந்தான். அவள் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. டீக்கடை, புத்தகக்கடை, சைக்கிள் நிறுத்துகிறவன் என்று ஒவ்வொருவரிடமும் நீட்டிக் காட்டினாள். "இந்தப் பொண்ணப் பாத்தியா?" சிலர் மறுவைப் பார்த்துவிட்டு உடனே கண்ணைத் திருப்பிக்கொண்டார்கள். அவளுக்கு அது பழக்கம்தான். பெண்ணைத் தோளில் தூக்கிக்கொண்டு போன நாளிலிருந்தே பார்த்து வருகிறாள்.

படிக்குக் கீழே கதம்பம் கட்டிக்கொண்டிருந்த அன்னம்மாள் என்ற பூக்காரி மட்டும் நாரை வாயில் கடித்துக்கொண்டு படத்தைக் கையில் வாங்கினாள்.

"இந்தப் பொண்ணா? பாத்தேனே."

சாராள் கூடைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எப்ப? எங்கப் போச்சி?"

"ரெண்டு மூணு வாரம் இருக்கும்மா. கர்ச்சீப்ப கன்னத்துல வெச்சிகினே நின்னுகினு இருந்துச்சி. பல்லு வலி போலன்னு நெனச்சேன். எங்கிட்டத் தண்ணி கேட்டுது. குடிக்கசொல்ல கர்ச்சீப்ப எடுத்துது, அப்பத்தான் மறுவப் பாத்தேன். பாவம், சட்டுனு மூடிகிச்சி. நான் ஒரு மொழம் பூ குடுத்தேன், வாங்கி வெச்சிகிச்சி. அரக்கோணம் வண்டி எதுல வரும்னுச்சி. அந்தாண்ட எதோ மிஷன் ஆஸ்பத்திரில ஆயா வேல பாக்கப் போறேன்னு சொல்லிச்சி. ஊரு பேரு சொன்னுச்சி, மறந்துட்டேன்."

"நேத்து டிவி பாக்கலியாம்மா நீ?"

"பாத்தேனே. ஆவடிப் பொண்ணுன்னு ஒண்ணு காட்டுனாங்க. அது வேற ஆரோ."

பின்னால் நின்ற பிரகாசம் முன்னால் வந்தான். சட்டைப் பையிலிருந்து, மாப்பிள்ளை வீட்டிலிருந்து திரும்பி வந்த பென்சில் தடவின பிரதியை எடுத்துப் பூக்காரியிடம் நீட்டினான். "நல்லாப் பாத்துச் சொல்லும்மா. இந்தப் பொண்ணுதானே?"

அன்னம்மாள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அதை வாங்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். சாராள் கொடுத்ததை அவளிடம் கொடுத்தாள். மற்றதைப் பிரகாசத்திடம் திருப்பி நீட்டினாள்.

"இது இல்லிங்க. இது நேத்து டிவில வந்த பொண்ணு. பாவம், இது யாரு பெத்த புள்ளையோ."

பிரகாசம் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். பைக்குள் வைக்கவும் முடியவில்லை, கீழே போடவும் முடியவில்லை. சாராள் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு டிக்கெட் கொடுக்கிற ஜன்னலுக்குப் போனாள்.

"அரக்கோணம்" என்றாள்.

உள்ளே இருந்தவர் அவளுக்குப் பின்னால் வந்து நின்ற ஆளையும் பார்த்துவிட்டு, "ரெண்டா?" என்று கேட்டார்.

"ஒண்ணு" என்றாள் சாராள்.